மூன்றாவது தடவை கூப்பிட்டால்

மதினியைக் கூப்பிட்டுத் திரும்ப வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கம்பம் மார்க்கெட்டில் திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருப்பார். இந்தப் பக்கத்திலிருந்து "மதினி" என்போம். காதில் விழுந்துவிட்டது முதுகிலேயே தெரியும், ஆனால் திரும்ப மாட்டார். இரண்டாவது தடவை கூப்பிடுவோம். கையிலிருக்கும் குலையைத் தூக்கி வெயிலுக்குக் காட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது தடவை கூப்பிட்டதும், வெகு நேரமாக நமக்காகவே காத்திருந்தவர் மாதிரி, "என்ன புள்ள" என்று சிரித்த முகத்தோடு திரும்புவார்.

அவர் எனக்கு உறவுமுறையில் மதினி இல்லை. என் வீட்டுக்காரரும் நானும் ஜீப் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்தோம். மதினி சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டத்தைத் தனியாளாக வைத்துப் பார்த்தவர். சார்ஜர் வாங்க வந்த முதல் நாளே என்னை 'புள்ள' என்றார். பதிலுக்கு எனக்கு 'மதினி' என்று வந்தது, அப்படியே நின்றுவிட்டது.

போனிலும் அதே கதைதான். முதல் தடவை அடித்து ஓயும். இரண்டாவது தடவையும் ஓயும். மூன்றாவது தடவைதான் எடுப்பார். குமுளிக்குப் பழம் ஏற்றும் ஏஜென்ட் பாய் ஒருவர் எங்கள் கடையில் வந்து நின்று புலம்புவார். "உங்க மதினி போன எடுக்கிறதுக்குள்ள நான் மலையேறி எறங்கிருவேன் தங்கச்சி. பழம் பெட்டிக்குள்ள ஒயினா மாறிரும்."

எனக்கும் அது எரிச்சலாகத்தான் இருக்கும். நான் பொறுமைக்குப் பேர்போனவள் இல்லை. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"மொதத் தடவ எது வேணாலும் கூப்பிடலாம் புள்ள" என்றார் மதினி. "ரெண்டாவது தடவயும் கூப்பிடலாம். மூணாவது தடவ மனுசந்தான் கூப்பிடுவான். மத்ததுக்கு அம்புட்டுப் பொறுமை கெடையாது."

பொழுது சாய்ந்த பிறகு வாசலில் கூப்பிடுகிற குரல் கேட்டால் உடனே 'ஏன்' என்று பதில் குரல் கொடுக்காதே என்று எங்கள் வீட்டிலும் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் அதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இருக்காது. வளர்ந்ததும் மறந்துவிடுவோம், தெருவிளக்கு வந்ததும் அதுவும் போய்விட்டது. மதினி மட்டும் பட்டப்பகலிலும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு ஜாக்கிரதையான மனுஷி எதையுமே பூட்ட மாட்டார். வீட்டுக் கதவு சாத்திக் கிடக்கும், அவ்வளவுதான். மோட்டார் ரூமுக்குப் பூட்டு இல்லை. பீரோ சாவி பீரோவிலேயே தொங்கும். போனில் நான் பின் நம்பர் போட்டுக் கொடுத்தபோது மறுநாளே கொண்டுவந்து எடுக்கச் சொன்னார். யாராவது நுழைந்துவிட மாட்டார்களா என்று கேட்டேன்.

"கதவா தடுக்கும்? ஏன்னு கேக்காம இருக்கோம்ல, அதுதான் தடுக்கும்" என்றார்.

அவர் டேப்லெட் வாங்க வந்த கதைக்கு வருகிறேன்.

திராட்சை நிறம் பிடிக்க ஆரம்பித்ததும் மைனாவும் கிளியும் வந்து இறங்கிவிடும். வலை போட்டால் குருவிகள் மாட்டிக்கொண்டு சாகின்றன என்று மதினி வலையை அவிழ்த்துவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர்களைப் பார்த்து இவரும் தோட்டத்தில் மூலைக்கு மூலை கம்பம் நட்டுக் குழாய் ஸ்பீக்கர் கட்டி, 'ஓய் ஓய்' என்று ஆள் கத்துகிற சத்தத்தை ஓடவிட்டார். இரண்டு வாரத்தில் மைனாக்கள் அந்த ஸ்பீக்கர்கள் மேலேயே உட்கார்ந்து இறகு கோதின. ஒரே குரல், ஒரே இடைவெளி என்பதால் பறவைகளுக்குப் பழகிவிட்டது. திராட்சை விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு ஆப்பை அனுப்பியிருந்தார்கள். நமக்கு வேண்டிய குரல்களை நாமே ஏற்றிக்கொள்ளலாம். அது முன்னுக்குப் பின்னாக, நேரம் காலம் இல்லாமல், எதையாவது எடுத்து ஓடவிடும்.

மதினியிடம் ஏற்கெனவே ஒரு டேப்லெட் இருந்தது. பழனிசெட்டிபட்டியில் இருக்கும் அவர் அண்ணன் மகன், தான் பயன்படுத்திய விலையுயர்ந்த ஒன்றை அத்தைக்குக் கொடுத்திருந்தான். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. ஆனால் அந்த ஆப் அதில் ஏறவில்லை. கம்பெனியின் ஆப் ஸ்டோரில் இல்லாத எதையும் அது உள்ளே விடாது. போனிலிருந்து நாலு குரலை எடுத்துப் போடுவதற்கே ஆயிரம் கேள்வி கேட்டது.

என் வீட்டுக்காரர் இரண்டு டேப்லெட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வியாபாரத்துக்காகப் பொய் சொல்லத் தெரியாத மனுஷர், அதனாலேயே கடை அந்த லட்சணத்தில் ஓடியது.

"இது கம்பெனியே பூட்டுப் போட்டது மதினி. வெளிய இருந்து கண்டது உள்ள வராது, பயமில்ல. ஆனா நீங்க நெனச்சதும் உள்ள போகாது. இந்தா இருக்கே, இது வெல கம்மி, தெறந்த வீடு. வயரச் சொருகினா உள்ள இருக்கிறதெல்லாம் தெரியும். எத வேணாலும் ஏத்தலாம். அதே மாதிரி எது வேணாலும் ஏறும்."

மதினி யோசித்தார். "ஏறும்போது கேட்டுட்டு ஏறுமா?"

"கேக்கும். அனுமதிக்கவா வேண்டாமான்னு கேக்கும்."

"நான் பதில் சொல்லலேன்னா?"

"ஏறாது."

"அப்ப நல்ல சாதிதான். இதையே குடுங்க தம்பி" என்றார்.

நான் உள் ரூமில் மத்தியானச் சோறு தின்றுகொண்டிருந்தேன். நாளைக்கு வைரஸ் ஏறிவிட்டது என்று அழுதுகொண்டு வந்தால் நான் பொறுப்பில்லை என்று அங்கிருந்தே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஆப்பை ஏற்றிக் காட்டினார். ஒவ்வொரு குரலுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் இருந்தன. எத்தனை தடவை ஒலிக்க வேண்டும் என்பது ஒன்று, அது முடிந்ததும் பின்னால் எந்தச் சத்தம் வர வேண்டும் என்பது மற்றது. எப்படிப் பதிவு செய்வது என்று காட்ட வேண்டுமே. உள் ரூம் பக்கம் முகத்தைத் திருப்பி என்னைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, எங்கன இருக்க?"

"இங்கனதான் இருக்கேன். எதுக்குக் கத்துறீக?" என்றேன் வாயில் சோற்றோடு.

இரண்டும் பதிவாகிவிட்டது. போட்டுக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். மதினி சிரிக்கவில்லை.

"பதிலு வேணாம் தம்பி. அத வெட்டிருங்க. கூப்பிட்டது மட்டும் இருக்கட்டும்."

என் பதிலை வெட்டி எறிந்துவிட்டு, தான் கூப்பிட்டதை மட்டும் வைத்துக் கொடுத்தார். அதன் பின்னால் ஒரு நாய் குரைப்பதைச் சேர்த்தார். அந்த டேப்லெட்டில் ஏறிய முதல் குரல் அதுதான்.

அப்போதுதான் மதினிக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். சும்மா கத்தினால் பறவை பயப்படாது, ஒரு ஆள் இன்னொரு ஆளைக் கூப்பிட்டால்தான் அங்கே ஆட்கள் இருப்பதாக நம்பும் என்று முடிவு கட்டினார். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், மருந்தடிக்க வருகிறவர்கள், எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள் என்று எல்லாரிடமும் டேப்லெட்டை நீட்டினார். "வீட்டுல எப்பிடிக் கூப்பிடுவீகளோ அப்பிடிக் கூப்பிடுங்க." கஞ்சி குடிக்கக் கூப்பிட்டார்கள், தண்ணீர் மாற்றிவிடக் கூப்பிட்டார்கள். ஏஜென்ட் பாய் தன் டிரைவரை, "மோனே, வண்டிய எடு" என்று கூப்பிட்டார். எல்லாக் குரலுக்கும் எதிரே மதினி இரண்டு என்றுதான் போட்டார். மூன்று போட்டால் அங்கே யாராவது ஏன் என்று கேட்டுவிடுவார்களாம்.

அந்தப் பருவத்தில் தோட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். பந்தலுக்கு அடியில் பச்சை வெளிச்சம். கல்தூண்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும், ஒரு ஆள் கண்ணில் பட மாட்டார். ஆனால் எங்கிருந்தோ ஒருவர் யாரையோ கஞ்சிக்குக் கூப்பிடுவார். சற்று நேரம் கழித்து வேறொரு மூலையிலிருந்து ஒரு பொம்பளைக் குரல் 'செல்வி' என்று கூப்பிடும். ரோட்டில் போகும் ஜீப்பில் ஒரு செல்வி இருந்தால் அவள் தலை தானாகத் திரும்பும். கூப்பிட்ட குரல் எதற்கும் பதில் இருக்காது. குரல், மறுபடியும் குரல், நாய், பிறகு இலைச் சத்தம். பறவைகள் வரவில்லை என்பது உண்மைதான். கொஞ்ச நாளில் மனுஷர்களும் அந்த வழியே நடப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

"எல்லார் குரலும் இருக்கு, ஒங்க குரல் எங்க மதினி?" என்று கேட்டேன்.

"நான் கூப்பிடுற ஆளுமில்ல, பதில் சொல்ற ஆளுமில்ல" என்றார்.

அடுத்த காய்ப்புக்குள் என் வீட்டுக்காரர் போய்விட்டார். எஸ்டேட்டில் ரிப்பேருக்கு வந்த போன்களை வாங்கிவரப் போனவர், குமுளி மலைப்பாதையில் ஜீப்போடு உருண்டார். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. கடையை மூடாமல் நானே பார்த்தேன். சண்டை போடக்கூட ஆள் இல்லாத வீட்டுக்கு ராத்திரி போவது மட்டும்தான் கஷ்டமாக இருந்தது.

தோட்டத்து ஸ்பீக்கர் ஒயரை எலி கடித்துவிட்டது என்று மதினி சொல்லி அனுப்பினார். முன்பென்றால் என் வீட்டுக்காரர் போவார். நான் போனேன். ஏணியில் நின்று ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டு இறங்கினேன். சத்தம் வருகிறதா என்று பார்க்கக் கீழே நின்றபோது, பந்தலின் அடுத்த கோடியிலிருந்து அது வந்தது.

"ஏ புள்ள, எங்கன இருக்க?"

என் வீட்டுக்காரர் குரல். மறுபடியும் அதே கேள்வி. அதன் பிறகு நாய் குரைத்தது. பயந்தேன் என்று சொன்னால் பொய் இல்லை, ஆனால் ஓடத் தோன்றவில்லை. அவர் குரல் அவ்வளவு கிட்டத்தில் கேட்ட மாதிரி இருந்தது. இன்னொரு தடவை கேட்காதா என்று அங்கேயே நின்றேன். ஆப் தன்னிஷ்டத்துக்கு ஒவ்வொரு குரலாக எடுத்தது, அவர் முறை வருவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது.

மதினி மோட்டார் ரூமிலிருந்து டேப்லெட்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "தெறந்துதான் கெடக்கு புள்ள. அழிக்கணும்னா அழி. நான் தொட மாட்டேன், அது உன்னோடது."

விரலால் ஒரு தள்ளு தள்ளினால் திறந்துகொள்ளும் திரை. பூட்டு இருந்து, நம்பர் மறந்துபோயிருந்தால் பழியை அதன் மேல் போட்டிருக்கலாம். அவர் குரலுக்கு எதிரே குப்பைத்தொட்டிப் படம் இருந்தது. விரலை அதுவரைக்கும் கொண்டுபோனேன், திரும்ப எடுத்துக்கொண்டேன். டேப்லெட்டைச் சுவரில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு அடிக்கடி போக ஆரம்பித்தேன். ஒயரைப் பார்க்க வந்தேன் என்பேன், பழம் வாங்க வந்தேன் என்பேன். கடையை மத்தியானமே சாத்திவிட்டுப் போவேன். கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்து அவர் முறைக்காகக் காத்திருப்பேன். கூப்பிடும்போது பதில் தொண்டை வரைக்கும் வந்து நிற்கும். வாயை மூடிக்கொள்வேன். ஆனால் வீட்டில் அடக்க முடியவில்லை. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் கூப்பிடாமல், "இங்கனதான் இருக்கேன்" என்று என் வாய் சொன்னது. கடையில் ஒருவருக்கு சிம் மாற்றிக்கொண்டிருந்தபோதும் சொன்னது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மீதிச் சில்லறையை வாங்காமலே போய்விட்டார்.

ஒருநாள் பந்தலுக்கு அடியில் அவர் குரல் இரண்டாவது தடவை கேட்டதும் என் வாய் திறந்தது. "இங்க" என்பதற்குள் மதினியின் கை என் வாயைப் பொத்தியது. திராட்சைச் சாறு ஒட்டிய, மருந்து நாற்றமடிக்கிற கை. அவர் எப்போது என் பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"எத்தன நாளா இப்பிடி?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்றைக்குத்தான் தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதில் மலையில் ஏலக்காய் எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தார்களாம். ஒரு சாயங்காலம், மஞ்சுப் பனி இறங்குகிற நேரம், வெளியே அம்மா கூப்பிடுகிற குரல் கேட்டது. அக்கா முதல் குரலுக்கே "இந்தா வாரேன்" என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனாள். அம்மா அப்போது அடுப்படியில் இருந்தாள்.

"காணாமப் போயிட்டாளா?" என்றேன்.

"இல்ல. கொஞ்ச நேரத்துல வந்துட்டா. கைகால் கழுவிட்டு எல்லாரோடயும் உக்காந்து சாப்பிட்டா. ஆனா அதுக்கப்புறம் யாரும் கூப்பிடாமலே 'இந்தா வாரேன், இந்தா வாரேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தா. திங்கிறப்ப சொல்லுவா, தூக்கத்துல சொல்லுவா. ஒரு வருசங்கூட இருக்கல புள்ள. சும்மா மெலிஞ்சு மெலிஞ்சு போயிட்டா."

சொல்லி முடித்ததும் பந்தலைச் சுற்றும் முற்றும் பார்த்தார். மதினி பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இனிமே நீ இங்கன வராத" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னைய வர வேணாம்னுட்டு அத அழிக்கப் போறீகளா?"

"அழிக்க மாட்டேன். பாவம், அவரு கேட்டுக்கிட்டே இருக்காரு. கேட்டா யாராச்சும் பதில் சொல்லணும்ல" என்றார். பிறகு என் முந்தானையில் ஒரு குலையைப் போட்டு, கையைப் பிடித்து ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

நான் போகவில்லை. போகாமல் இருப்பது சுலபமாக இல்லை. வாய் அதுபாட்டுக்கு அவ்வப்போது பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அறுவடை முடிகிற சமயத்தில் ஏஜென்ட் பாய் கடைக்கு வந்து, தோட்டத்தில் மதினி இறந்து கிடப்பதாகச் சொன்னார். முற்பகலில் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். மாரடைப்பு என்றார் டாக்டர். அதில் சந்தேகப்பட எதுவுமில்லை. நான் போய்ப் பார்த்தேன். நல்ல தூக்கத்தில் கிடப்பவர் மாதிரி இருந்தார். இரண்டு தடவை மனசுக்குள் 'மதினி' என்று கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கூப்பிடத் தைரியம் வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, அண்ணன் மகன் அந்த டேப்லெட்டோடு கடைக்கு வந்தான். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டானாம்.

"இத அழிச்சுக் குடுங்கக்கா. புள்ளைக்குப் படம் பாக்கக் குடுக்கலாம். தோட்டத்துல யாரும் இதத் தொடவே மாட்டேங்கிறாக. அத்தை செத்த அன்னைக்கு இது மூணு தடவ கூப்பிட்டுச்சாம். எப்பவும் ரெண்டு தடவதான கூப்பிடும்? கேட்டதும் எல்லாரும் வேலையப் போட்டுட்டு ரோட்டுக்கு ஓடிட்டாகளாம்."

விரலால் தள்ளினேன், திறந்துகொண்டது. குரல்கள் வரிசையாக இருந்தன. பாய் குரலுக்கு எதிரே இரண்டு, செல்வியைக் கூப்பிட்டவளுக்கு இரண்டு, எல்லாருக்கும் இரண்டு. முதலில் இருந்த குரலுக்கு மட்டும் மூன்று என்று மாற்றியிருந்தது. பின்னால் வர வேண்டிய சத்தத்துக்கான கட்டத்தில் நாயை எடுத்துவிட்டு வேறு ஏதோ ஒரு பதிவைச் சேர்த்திருந்தது. பூட்டில்லாத பொருள், யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். நான் பொத்தானை அமுக்கினேன்.

"ஏ புள்ள, எங்கன இருக்க?"

அண்ணன் மகன் கடை வாசலைப் பார்த்தான். இரண்டாவது தடவையும் கேட்டது. என் தொண்டையில் எதுவும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, மதினி இறந்த நாளிலிருந்தே என் வாய் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. துக்கத்தில் அதை நான் கவனிக்காமலே இருந்திருக்கிறேன். மூன்றாவது தடவையும் அவர் கேட்டார்.

"இங்கனதான் இருக்கேன்" என்றது மதினியின் குரல். கொஞ்சம் மூச்சு வாங்கியது. பின்னணியில் மோட்டார் ஓடுகிற சத்தம். "இந்தா வாரேன்."

பிறகு ஒன்றுமில்லை. ஆப் நின்றுவிட்டது.

எனக்காக யாரும் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணன் மகன் சுவரோடு ஒட்டி நின்றான். அவனுடைய அத்தை ஆளில்லாத ஒரு குரலுக்குப் பதில் சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அக்கா" என்றான்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அழிச்சிருவீகளா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு, டேப்லெட்டை அணைத்து, என் மேசை டிராயருக்குள் வைத்தேன். டிராயருக்குப் பூட்டு உண்டு, போடவில்லை. புது டேப்லெட் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தேன். கம்பெனி பூட்டுப் போட்டது, குழந்தை கையில் அதுதான் நல்லது.

"அக்கா" என்றான் மறுபடியும்.

"என்ன தம்பி" என்றேன்.